குவி

ராத்தெனோ நகரில், ஹாவெல் ஆற்றுப் பக்கம்,
கண்ணாடிப் பட்டறையின் மூன்றாம் மேசை.
ரோஸ்வித்தாவின் முழங்கை பட்டு
இரண்டு தட்டுகள் கவிழ்ந்தன.
நூற்று நாற்பது வில்லைகள்.
ஒன்றும் உடையவில்லை, கலந்துவிட்டன.

கைபேசியில் அண்ணன் எக்கெஹார்டின் செய்தி:
"வீட்டை விற்கலாம். வெள்ளிக்குள் கையெழுத்து."

அளவுக் கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது.
தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது:
கண்ணாடிக்கு வரும் வில்லை எல்லாவற்றுக்கும்
வெளிமுகம் புடைத்துத்தான் இருக்கும்.
நேற்றைய நாளிதழை விரிக்கிறாள்.
ஒரு வில்லையை மேலே பிடித்து இடப்புறம் நகர்த்த
எழுத்துகள் வலப்புறம் ஓடுகின்றன.
பிளஸ். இந்தப் பெட்டி.
அடுத்ததில் எழுத்துகள் கூடவே வருகின்றன.
மைனஸ். அந்தப் பெட்டி.

குவிவு என்ற சொல் பாடப்புத்தகத்தோடு சரி,
பட்டறையில் யாரும் சொல்வதில்லை.
எனக்கோ அது தீராத சொல்.
நெல் குவியும்.
கும்பிடக் கை குவியும், சீட்டியடிக்க உதடு குவியும்,
பொழுது சாய்ந்தால் தாமரை குவியும்.
சேர்வதும் மூடுவதும் எங்களுக்கு ஒரே வினை.
புடைத்த கண்ணாடிக்கு அதை வைத்தவர்
கண்ணாடியைப் பார்க்கவில்லை,
அதைத் தாண்டிய வெளிச்சம்
எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்திருக்கிறார்.

பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறக்கிறாள். பருப்புக் கஞ்சி.
அவள் மொழியில் வில்லைக்கும் மைசூர்ப் பருப்புக்கும்
பெயர் ஒன்றே.
யாரும் சிரிப்பதில்லை.
நாம் மட்டும் என்ன,
தபால்தலையும் வில்லை, மாத்திரையும் வில்லை.

இடம் என்றால் வலம் என்பான் எக்கெஹார்ட்,
சின்ன வயதிலிருந்தே.
அம்மாவுக்குப் பூ வாங்கியபோதும்,
அப்பாவின் நாயை யார் வைத்துக்கொள்வது என்றபோதும்.
அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு...
எதிர்த்து ஓடும் எழுத்துகளை எண்ணுகிறாள்.

ஒன்றில் மட்டும் எழுத்து அசையவே இல்லை.
கடைச் சட்டத்தில் காட்சிக்கு மாட்டும் வெறும் கண்ணாடி.
அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறாள்.

அப்போதுதான் தீய்ந்த வாசனை.
தாங்கியில் சாய்த்து வைத்த நான்கு பவர் பிளஸ்
மூன்று மணி வெயிலைப் பிடித்து
நாளிதழில் ஒரு பழுப்புப் புள்ளி போட்டிருக்கிறது,
கால்பந்து முடிவுகளின் நடுவில்,
யார் ஜெயித்தார்கள் என்பது போய்விட்டது.
கட்டைவிரலால் அணைக்கிறாள். சுடுகிறது.

குவிந்ததைத் தேய்த்தெடுக்க
குழிந்த கிண்ணம்தான் வேண்டும்;
இது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

சுட்ட விரலை வாயில் வைத்தபடி
மறு கையால் தட்டுகிறாள்:
"வியாழன் வருகிறேன். பேனா கொண்டுவர மாட்டேன்.
நீ சமையல் செய்."