ஒரு சாண் கணக்கு

ரயிலுக்கு மூன்று மணி நேரம்.
வயிறு ஒரு சாண்.
ஷம்ஷாத் எழுதிக் கொடுத்த சீட்டில் பதினோரு பெயர்கள்,
நிஹாரிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.

சாந்தினி சௌக்கில்
பராட்டா வரிசை சந்து திரும்பியும் முடியவில்லை.
நிஹாரிச் சட்டி காலையிலேயே காலி.
ஜிலேபிக்காரர் என்னைப் பார்த்தார்;
நான் பையிலிருந்த சர்க்கரை மாத்திரையைத் தொட்டுக்கொண்டேன்.

கினாரி பஜார் முனையில்
அகலத் தட்டு நிறைய மஞ்சள் நுரை.
சீட்டில் இல்லாதது.
குளிர் போனால் கிடைக்காது என்றார்,
அல்லது என் இந்திக்கு அப்படித்தான் புரிந்தது.
காற்றுதானே, மாத்திரை மன்னிக்கும்.

மெல்ல எதுவுமில்லை.
குங்குமப்பூ வாசம் கொஞ்சம் நின்றது,
பிறகு அதுவும்.

ஷம்ஷாத் கேட்டால் என்ன சொல்ல?
தின்றேன் என்றா,
இன்னும் பசிக்கிறது என்றா?

ஸ்டேஷனில் இரண்டு வாழைப்பழம் வாங்கினேன்.