ஆலோசனை வழங்கப்பட்டது

பதினான்கு வருசம் ஒன்பதாம் வாட்டில் நின்றவள்
இப்போது பசறை பஸ்ஸில் மாணவி.
மடியில் படிவக் கட்டு,
சப்பாத்துக்குள் அட்டைக்கு உப்பு.

சமூகத் தாதியியல், பட்டப்பின் டிப்ளோமா,
இரண்டாம் பருவம், களப்பயிற்சி.
முதல் கேள்வி: வீட்டிலக்கம்.
நாகஸ்தென்ன மேற்பிரிவில் வீட்டுக்கு இலக்கமில்லை.
'பீலிப் பக்கத்து லயம், மூணாவது காம்பரா'
அந்தக் கட்டத்துக்குள் அடங்காமல்
ஓரத்தில் ஏறிப் போனது.

வாட்டில் சுலபம்.
கட்டிலுக்கு நம்பர் உண்டு, கட்டிலிலேயே ஆள் இருப்பார்.
ஆறு மணிக்கு மணியடித்தால்
அவருடைய வீட்டையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக்
கதவைச் சாத்தலாம்.

முதல் வகுப்பில் ஏகநாயக்க மிஸ் கேட்டார்:
டிஸ்சார்ஜ் ஆன உங்கள் நோயாளி
வீட்டில் எந்த இடத்தில் காலை நீட்டுவார்?
முப்பது தாதிகள் இருந்தோம்.
கூட்டினால் முந்நூறு வருச சேவை வரும்.
ஃபேன் மட்டும் சுற்றியது.

மருதவீரன்
இஸ்தோப்பில், விறகுக்கட்டின் மேல் நீட்டியிருந்தார்.
இடது காலில் மூன்று விரல்.
"வாங்க மிஸ்ஸி" என்றார், என்னைத் தெரியாமல்.
முகத்தை வைத்து எனக்கும் தெரியவில்லை.
கணுக்காலுக்கு மேலே
கவ்வாத்துக் கத்தி வெட்டிய அந்தப் பிறைத் தழும்பு.
அதை நான் இருபது நாள் துடைத்திருக்கிறேன்.

செல்லமணி தகரப் பெட்டியைத் திறந்து
அடையாள அட்டை, சேமலாபக் கடதாசி,
மகள் சாமத்தியப்பட்ட அன்று எடுத்த போட்டோ,
எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து
பொலித்தீன் பையில் சுற்றிய கார்டை எடுத்தார்.
"இதுல என்னா எழுதியிருக்குன்னு
யாரும் சரியா சொல்லலைங்க."

இங்கிலீசு. அவசரத்தில் வலப்பக்கம் சாயும் கையெழுத்து.
தமிழில் வாசித்தேன்.

காலை ஈரமில்லாமல் வைத்திருக்கவும்.
மெத்தென்ற செருப்பு அணியவும்.
ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றவும்.
கடைசியில் அடிக்கோடிட்டு:
ஆலோசனை வழங்கப்பட்டது.

கட்டு மாற்ற டிஸ்பென்சரி ரெண்டரைக் கட்டை.
போனால் அன்றைக்குப் பேர் இல்லை.
பேரை விட்டுப் போனாலும்
வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறப்பார்களாம்.

நாலாம் மாதம் காய்ச்சலோடு திரும்பி வந்தாரே,
இரவு இரண்டு மணிக்கு, கொழுந்து லொறியில்.
அன்றைக்கு எழுதியது இந்தப் பையில் இல்லை.
ஆஸ்பத்திரிப் பைலில் இருக்கிறது:
அறிவுரையைப் பின்பற்றாதவர்.
அதன் கீழேயும் அதே சாய்வு.

ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிக் கேட்டவர்கள்
முடிந்ததும் பெருமூச்சு விட்டார்கள்.
"நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் செல்லமணி.
"யாருங்க எழுதுனது?"

நான்தான் என்றேன்.

கொஞ்ச நேரம்
மூன்று பேரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் உள்ளே போய்
இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி கொண்டு வந்தார்.
என் உள்ளங்கையில் சீனி வைத்தார்.
புருசன் கையில் வைக்கவில்லை,
அவரும் கேட்கவில்லை.
அந்த ஒன்றை மட்டும் யாரோ
இவர்கள் பாசையில் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி பதினேழு: நோயாளியின் ஒத்துழைப்பு.
நன்று, சுமார், இல்லை.
பேனாவை மூடிவிட்டு வாளியைக் கேட்டேன்.
"உங்களுக்கு எதுக்குங்க" என்று சிரித்தார்கள்,
கொடுத்தார்கள்.

பீலிக்கு இறங்க எண்பத்தாறு படி.
ஐம்பதுக்கு மேல் பாசி.
நிறைத்துக்கொண்டு ஏறினேன்.
முதல் வளைவிலேயே தண்ணீர் தளும்பிச்
சப்பாத்துக்குள் உப்பு கரைந்தது.
படிகளை எண்ணிக்கொண்டுதான் வந்தேன்,
எங்கேயோ
தப்பிவிட்டது.