குறிப்பு என்றொரு கட்டம்

வெள்ளிக்கிழமை காலைக் காட்சி: நாற்பத்தொன்று.
எண்ணியவன் நான்.
விநியோகஸ்தர் அனுப்பிய ரெப்.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே
ஈரம் காயாத லாட்ஜ் கம்பளிக்குள் குடித்தனம்.

வேலை சுலபம்.
அடிக்கட்டையும் தலையும் ஒத்துப்போக வேண்டும்.
மடிக் குழந்தை சேர்த்தியில்லை.
போலீஸ்காரர் இருவர், மின்வாரியத்தில் ஒருவர்,
பாஸ், அதுவும் சேர்த்தியில்லை.
ராத்திரி கோயம்புத்தூர் ஆபீசுக்கு
எண்ணைச் சொன்னால்
அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு,
"சரி, வை."

மேட்னி விடுவதற்குள்
மேட்டுப்பாளையம் பஸ்ஸில் போஸ்டர் வந்துவிட்டது:
உலகமெங்கும் நூற்றிருபது கோடி.
போஜன் பசை தடவினான்.
பனியில் பிடிக்காமல்
கோடி மட்டும் மடிந்து தொங்கியது.
நான் இன்னும் என் எண்ணைச் சொல்லவே இல்லை.

நாயகனின் ஊர் கோத்தகிரிதான்.
திரையில் எழுத்தே போடுகிறார்கள்.
எழுத்துக்குப் பின்னால் வெள்ளைச் சிகரம்,
கூம்புக் கூரைத் தேவாலயம்,
குதிரைகள்.
ஜார்ஜியாவில் எடுத்தது. செலவில் கால் பங்கை
அந்த அரசாங்கமே திருப்பித் தருகிறதாம்.
அரங்கம் ஒரு நொடி சும்மா இருந்தது.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"அண்ணா, இந்தக் கோத்தகிரிக்கு எந்த பஸ்?"
நாற்பத்தொரு பேரும் சிரித்தார்கள்.
சிரிப்புக்கு என் தாளில் கட்டமில்லை.

தயாரிப்பு மேனேஜர் ஒருநாள் ஏலக்காய் டீக்கு நடுவில் சொன்னது:
முதலில் எழுதிய கதையில் தங்கை
தேயிலைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
இரண்டே சீன்.
வெளிநாட்டு உரிமை கேட்டவர் ஒரு விரலை வைத்தார்.
தங்கை டொராண்டோ போனாள், எட்டு சீன் ஆனாள்.
அப்பாவுக்கு ஒரு நீளமான பேச்சு இருந்தது.
நான்கு மொழிக்கும் உதடு ஒட்டவில்லை.
இடைவேளைக்கு முன்பே
ஒன்றும் சொல்லாமல் செத்துப்போனார்.
துப்பாக்கி மிஞ்சியது.
அதற்கு எந்த ஊரிலும் சப்டைட்டில் வேண்டாம்.

ஞாயிறு மாலை தவமலர் வந்தாள்,
மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.
தொழிற்சாலையில் வாரம் மாறி வாரம் ராத்திரி வேலை.
கண்டியிலிருந்து வந்த குடும்பம்,
அண்ணன் மட்டும் எப்படியோ கனடா.
"அவர் வியாழக்கிழமையே பாத்துட்டார் சார்.
தங்கச்சி சாக மாட்டாளாம், பயப்படாதேன்னார்."
அவருக்கு டிக்கெட் இருபத்தைந்து டாலர்.
அடிக்கட்டையின் பின்புறம் பெருக்கிப் பார்த்தேன்.
இங்கே பதினைந்து பேர் உட்கார்ந்தால்
அங்கே அவர் ஒருத்தர்.
ஒரே வயிற்றில் பிறந்து
இரண்டு ஏரியா.

நூறு ரூபாய் கொடுத்து
எவளோ பனியில் நடப்பதை
கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அந்த இடத்தில் முதலில் நின்றவள்
அவளைப் போல ஒருத்தி.
சொல்லலாமா என்று யோசித்தேன்.
இடைவேளை மணி அடித்தது, போண்டாவுக்குக் கூட்டம்.

படம் விட்டபோது வாசலில் கரடி.
கேன்டீன் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து
நிதானமாக, எண்ணெய்த்தாள் எண்ணெய்த்தாளாக.
யாரும் வெளியே போகவில்லை. ஷட்டரை இறக்கினோம்.
தவமலர் கவுன்ட்டர் கம்பி வழியே போனை நீட்டி
அண்ணனுக்குக் காட்டினாள்.
அங்கே மத்தியானம்.
அவர் அலுவலகத்தில் நாலு பேர் எட்டிப்பார்த்து
கத்துவது எனக்கே கேட்டது.
கரடிக்கு ஓவர்சீஸ் உரிமை
இன்னும் யாரும் வாங்கவில்லை.

இரண்டாம் ஆட்டம் ரத்து.
குறிப்பு என்ற கட்டத்தில் 'கரடி' என்று எழுதிப் போன் செய்தேன்.
"என்னய்யா கரடி? சென்னையில் யார் நம்புவான்?
மழைன்னு போடு."

திங்கட்கிழமை புதுப் போஸ்டர், இருநூறு கோடி.
என் நாற்பத்தொன்றைத் தேடினேன்.
கடைசிச் சைபரையும் தாண்டி
வலப்பக்கம் எங்கோ இருக்க வேண்டும்,
போஜனின் பசைக்கை பட்ட இடத்தில்.

மழை என்றே எழுதிக் கொடுத்தேன்.
பொய்யில்லை.
பெய்துகொண்டுதான் இருந்தது.