ஏழு கிலோ நானூறு

பின்னங்கால் ஒன்று என் பங்கு.
ழெரார் ஐந்து மாதம் தன் ஃப்ரீசரில் வைத்திருந்து தந்தார்.
தட்டினால் கதவைத் தட்டும் சத்தம்.

ஏழு சுற்று செய்தித்தாள்,
மேலே ஒரு குளியல் துண்டு,
அதன்மேல் என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை.
சட்டைக் கைகளை முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டேன்.

மச்சானுக்காகத்தான் இவ்வளவும்.
தை மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தேன்:
நான், துப்பாக்கி, ஆரஞ்சு மேல்சட்டை,
காலடியில் எண்பது கிலோ காட்டுப்பன்றி.
குருசுக்குப்பத்திலிருந்து ஒரே வரி வந்தது:
"சுட்டவன் எங்க? படம் எடுக்குறானா?"

பாரிஸ் தராசு இருபத்தாறு காட்டியது.
மூன்று கிலோ குறைக்கச் சொன்னாள் கவுண்டர் பெண்.
தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன்.
தங்கச்சிக்கு வாங்கிய இரும்புச் சட்டி வெளியே வந்தது.
அவள் மகள் கேட்ட வண்ணப் பென்சில்கள்,
என் இன்னொரு ஜோடிச் செருப்பு,
எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றன.
கால் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

தோஹாவில் ஒன்பது மணி நேரம்.
வெளியே நாற்பத்து மூன்று டிகிரி என்றது திரை.
பெட்டிகளை நிழலில் வைப்பார்களா, வெயிலிலா?
துடைப்பத்தோடு போன மலையாளி ஒருவனிடம் கேட்டேன்.
"உள்ளே மருந்தா சேட்டா?"
மருந்துதான் என்றேன்.

சென்னை. அதிகாலை மூன்றேகால்.
படிவத்தில் இறைச்சி, மீன், பால், விதை என்று ஒரு வரி.
பச்சை வழியில் சனம் போய்க்கொண்டே இருந்தது.
நானே சுட்டதை
திருட்டுக் கோழி மாதிரி ஒளித்துக்கொண்டு போவதா?
ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டேன்,
அழுத்தியே போட்டேன்.

அதிகாரியின் பெயர்ப்பட்டையில் திலகவதி என்றிருந்தது.
முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்.
தாள் நனைந்து, கடைசிச் சுற்றிலிருந்து
வானிலைப் பக்கம் தலைகீழாய்க் கறியில் ஏறியிருந்தது.
"என்ன சார் இது?"
"காட்டுப்பன்றி, மேடம்."
"வாங்கினதா?"
"சுட்டது."
"யாரு?"
"நான்."
ஒருமுறை என்னை முழுதாய்ப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

இடப்பக்கம், ஓக்மரச் சரிவு.
பனிமூட்டத்தில் முதலில் அதன் மூச்சுதான் தெரிந்தது,
அப்புறம்தான் பன்றி தெரிந்தது என்றேன்.
பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள்.
"இறக்குமதி அனுமதி இருக்கா?"
இல்லை. காலில் மாட்டிய பிளாஸ்டிக் வளையம் உண்டு, எண்ணோடு.
அது இங்கே செல்லாது என்றார்.
தராசில் வைத்தார்.
ஏழு கிலோ நானூறு.
மஞ்சள் பை. முத்திரை. எரிப்பதற்கு.

ரசீதில் 'பன்றி இறைச்சி' என்று எழுதி முடித்துவிட்டார்.
பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.
நான் கேட்கவில்லை,
அவராகவே ஓரத்தில் இடுக்கி
'காட்டு' என்று சேர்த்தார்.

மரக்காணம் தாண்டும்போது விடிந்தது.
உப்பளத்தில் பாத்தி பாத்தியாய் வெளிச்சம்.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான், "ஏதோ வாடை அடிக்குதே சார்."

குருசுக்குப்பத்தில் ஜொசெஃபின்
பூண்டும் மிளகாயும் வினிகரில் அரைத்து
சட்டி வழிய வைத்திருந்தாள்.
லெயோன் புதுக் கத்தி வாங்கியிருந்தான்.
பெட்டியைத் திறந்தேன்,
ஈரக் கம்பளிச் சட்டை மட்டும்.
தெருநாய் எழுந்து வந்து அதையே பார்த்து நின்றது.
லெயோன் சிரிப்பதற்கு வாயைத் திறந்தான்.

ரசீதை நீட்டினேன்.
வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்து,
இடுக்கி எழுதிய சொல்லில் நின்றான்.
வெகுநேரம் நின்றான்.
"கஸ்பாரு," என்றான் கடைசியில்,
"கால் ஏழு நானூறுன்னா பன்னி எண்பது வராதுடா.
அறுபது."
"எழுபத்தஞ்சு."
"அறுபத்தி ரெண்டு. அதுக்கு மேல போகாத."

ஜொசெஃபின் கோழிக்கு ஆள் அனுப்பினாள்.
நாங்கள் அறுபத்தெட்டில் முடித்துக்கொண்டோம்.