நாலாவது தகடு

இரண்டு வெடித்தன. ஒன்றில் சொட்டை.
நாலாவது அக்ரிலிக் தகடு
அடுப்புக்குள் தொங்கியது,
நனைந்த வேட்டியாய்.

"ஷட்டரை இறக்குங்க" என்றாள் மயிலாத்தா.
ஆடிக்காத்து.
பக்கத்திலேயே ஸ்பின்னிங் மில்.

வளையத்தில் இறுக்கினோம்.
வால்வைக் கால்திருகு திறந்தாள்.
கம்ப்ரஸர் மூச்சு ஏற ஏற
ஒன்றுமில்லாதது ஒன்று
முதுகு நிமிர்த்தியது.

ஆறும்வரை
யாரும் இருமவில்லை.

கூரை அறுத்த அம்பாசிடரில்
திருகாணி திருகாணியாகப் பொருத்தினோம்.
பல்லடத்துக்காரர் ஏறி உட்கார்ந்து
"ஏசி பத்துங்களா?" என்றார்.
பத்தாதுங்க.

உச்சியில் ஓர் இழை பஞ்சு
அழுந்திக் கிடந்தது.
அவர் பார்க்கவில்லை.
மயிலாத்தா பார்த்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.

கணபதி முக்கில் வண்டி
வெயிலுக்குத் திரும்புகையில்
அவர் சட்டைப்பையிலிருந்து மடிக்கு
மெல்ல இறங்கியது
மயிர்க்கனத்தில் ஒரு நிழல்.