உப்பிறைச்சி வாளி

எட்மன்டன் விமான நிலையம். காலை நாலே முக்கால்.
வரிசை நாலு மடிப்பாக மடிந்து கிடக்கிறது, நனைந்த கயிறு மாதிரி.
எனக்கு முன்னால் ஒரு பையன் பூட்ஸைக் கழற்றுகிறான்.
வேண்டாம் என்கிறார் ஒருவர். மாட்டிக்கொள்கிறான்.
அடுத்தவர் வந்து கழற்று என்கிறார்.
ஆம்ப்ரோஸ், நீ இருந்திருந்தால்
இந்நேரம் கத்தித் தீர்த்திருப்பாய்.

உன் வலது முழங்காலில் இருந்த தகடு
பதினோரு வருடம் போன வாசலிலெல்லாம் கூவியது.
கையைத் தூக்கு, காலை அகட்டு, திரும்பு.
டாக்டர் எழுதிய சீட்டை நீட்டுவாய்;
ஒருவரும் வாசித்ததில்லை.
எண்ணெய் மணலில் மூன்று வாரம், வீட்டில் ஒரு வாரம்,
வருடத்துக்கு இருபத்தாறு தடவல்.
"கல்யாணமான புதிதில் நீகூட
இவ்வளவு தொட்டதில்லை, வெர்னா."

அந்த ஜாம் கதையை நான் மறக்கவில்லை.
பேக்ஆப்பிள் ஜாம், நான் கிண்டியது, இருநூற்றைம்பது கிராம்.
திரவம் என்றார்கள்.
நீ பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாய். சொட்டவில்லை.
திரவம்தான் என்றார்கள்.
குப்பைத்தொட்டி பக்கத்திலேயே நின்று
முழுப் பாட்டிலையும் விரலால் வழித்துத் தின்றாய்,
மெதுவாக, அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே.
விமானம் போய்விட்டது.
அன்று இரவு போனில் வயிறு வலிக்கிறது என்றாய்.

இப்போது நீ வெள்ளீய ஜாடிக்குள் இருக்கிறாய்.
திரையில் ஒரு கறுப்பு உருண்டை.
ஹோதன் என்று சட்டையில் எழுதியிருக்கும் பெண்
மூன்று தடவை பெல்ட்டைப் பின்னால் ஓட்டிப் பார்க்கிறாள்.
"உள்ளே என்ன?"
"என் வீட்டுக்காரர்."
சான்றிதழைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள்.
"தெரியும் அம்மா. ஆனால் தெரியவில்லை."
திறந்து பாருங்கள் என்றேன்.
திறக்கக் கூடாதாம், இறந்தவருக்கு மரியாதை.
மரியாதைக்காகத் திறக்க மாட்டார்கள்,
திறக்காததால் விட மாட்டார்கள்.
சரக்கில் போடலாமே என்றார் மேலாளர்.
என் நீலப் பெட்டியை டொரன்டோவில்
இரண்டு முறை தொலைத்தவர்கள் இவர்கள்.
உன்னை அங்கே தேடிக்கொண்டு நான் நிற்கவா?

சிரில் இன்னும் வண்டி நிறுத்துமிடத்தில்தான் இருந்தான்,
அண்ணனுக்காக அழுதபடி, கட்டணம் ஏற ஏற.
டிக்கியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்:
உப்பிறைச்சி வந்த வெள்ளை பிளாஸ்டிக் வாளி, மூடியோடு.
நம் ஊரில் இந்த வாளியில் எதைத்தான் போடவில்லை?
ஆணி, மீன் குடல், பழம், ஒருமுறை ஒரு நாய்க்குட்டி.
சக்கர நாற்காலிக் கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு
உன்னைச் சாய்த்து ஊற்றினேன்.
கை உலர்த்தி தானாக இரைந்தது,
உடம்பால் மறைத்து நின்றேன்.
ஆனாலும் கொஞ்சம் என் ஸ்வெட்டரில்.
தட்டிவிட மனம் வரவில்லை.

மறுபடி வரிசை. மறுபடி அந்த நாலு மடிப்பு.
வெற்று ஜாடி வாயைத் திறந்துகொண்டு தனியாகப் போனது,
அதைப் பற்றி யாருக்கும் கேள்வியில்லை.
அடுத்து வாளி.
திரையில் நீ சாம்பல் நிறத்தில் தெளிவாக இருந்தாய்,
சர்க்கரை போல, மாவு போல, எதுவும் ஒளிக்காத ஆள் போல.
ஹோதன் தலையசைத்தாள்.
வாழ்நாளில் முதல் தடவை
ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் போய்
உருளைகள் மேல் எனக்காகக் காத்து நின்றாய்.

நான் வாசலுக்குள் காலை வைத்தேன்.
கூவியது.

தகனக்காரர் ஒரு காகித உறையில் போட்டுத் தந்ததை
ஜீன்ஸ் பையில் வைத்தது நினைவே இல்லை:
நாலு ஆணித்துளை, லேசான வளைவு, உன் முழங்கால்.

"அம்மா, கொஞ்சம் இப்படி..."
அவள் முடிக்கவில்லை.
கையைத் தூக்கினேன், காலை அகட்டினேன்,
சொல்வதற்கு முன்பே திரும்பினேன்.