ஒன்பதில் யார் இருக்கிறது

வெள்ளம்பிட்டி, அம்பரெல்லா ஒழுங்கை,
கடைசிக்கு முந்தின வீடு.
கடல்மட்டத்திலிருந்து ஒன்பது மீற்றர்
என்கிறது என் திரை.
ஒன்பதுக்கு வெள்ளம் ஏறாது.
ஏறாத வெள்ளத்துக்கு நட்டஈடு கிடையாது.

மேசைக்கு அந்தப் பக்கம் பஸ்லியா
கைப்பையைத் துழாவி ஒரு படத்தை வைக்கிறா.
சுவரில் சேற்றுக் கோடு,
மின்விசிறிச் சுவிச்சுக்கு இரண்டு விரல் மேலே.
"ஒம்பதுல யாரு மகன் இருக்கிற?
நாங்க இல்ல."

எப்படிச் சொல்வது.

இரண்டு செய்மதிகள்
இரட்டைப் பிள்ளைகள்போல் ஒட்டி ஒட்டிப் பறக்கும்.
ஒன்று கீழே ஓர் அலையை எறியும்,
இரண்டும் காது கொடுக்கும்.
ஒரே எதிரொலி
ஒன்றுக்குச் சற்று முந்தி
மற்றதற்குச் சற்றுப் பிந்தி.
அந்தச் சற்றுக்குள்தான்
சிவனொளிபாதம் நிற்கிறது,
பேலியகொடை மீன்சந்தைக் கூரையும்
களனி கங்கையின் மண் அணையும்.
இருட்டிலும் பார்க்கும். முகிலுக்குள்ளாலும் பார்க்கும்.
ஒரு பிசகுதான்:
அலை முதலில் எதைத் தொடுகிறதோ
அதுதான் அதற்குத் தரை.

பிறகு பூமியைச் சதுரம் சதுரமாக அறுத்து
சதுரத்துக்கு ஓர் எண்.
இந்தச் சதுரத்துக்குள்
நாலு வீடு, ஒரு கான், ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ்,
யாருடையதென்று இன்னும் தீராத ஒரு வேலி.
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்பது.

இன்னொன்றையும் அவவுக்கு நான் சொல்லவில்லை.
செய்மதிக்குக் கடல்மட்டமே தெரியாது.
அது அறிந்தது
கணக்கில் உருட்டிய வழுவழுத்த ஒரு முட்டையை.
எங்கள் பக்கத்தில் கடலே குழிந்து கிடக்கிறது.
அந்த முட்டையின் ஓட்டிலிருந்து கொழும்பு
தொண்ணூறு மீற்றருக்கும் கீழே.
காலிமுகத்திடலில் இறால் வடை தின்கிறவர்கள்,
பட்டம் விடுகிற பிள்ளைகள்,
அந்தப் பட்டங்கள்கூட
கழித்தல் குறிக்குக் கீழேதான்.
யாரோ ஓர் எண்ணைக் கூட்டித்தான்
நம்மைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மட்டக்கோலோடு போனேன்.
பாலத்தடி அடையாளக் கல்லிலிருந்து
ஒழுங்கை நெடுக மட்டம் கொண்டுவந்து
அவவின் வாசற்படியில் நட்டேன்.
ஒன்று தசம் எட்டு.

நிமிர்ந்தபோது கண்டேன்,
அவர்கள் வீட்டின் மேல், அடுத்த வீட்டின் மேல்,
கானின் மேல், வேலியின் மேல்
கை விரித்து நின்றது ஈரப்பலா.
இலைமேல் இலை. ஓட்டை ஒன்றில்லை.
உச்சியில் ஒரு காகக்கூடு.
ஒன்பதில் இருந்தது அதுதான்.

"வெட்டினா எண் இறங்குமா?"
பஸ்லியாவின் கணவர் ஹிலுர்தீன்
அடிமரத்தைச் சாணால் அளந்தபடி கேட்டார்.
இல்லை. அது பார்த்துவிட்டுப் போய்ப் பத்து வருசம்.
மரம் போனாலும்
மரத்தின் உயரம் இங்கேயே இருக்கும்.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.
காகம் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை.

திருத்தப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்
ஈரப்பலா என்று எழுதினேன்.
திங்கட்கிழமை திரும்பி வந்தது,
மேலே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.
மறுபடி எழுதினேன். அதே சொல்தான்,
எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக.

இரவு, கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடி.
சும்மா என் வீட்டையும் தேடிப் பார்த்தேன்.
பதினான்கு.
பரவாயில்லாத குன்று.
ஜன்னலுக்குக் கீழே, கானோரக் காவல் கொட்டிலில்
தயாரத்ன பாயை விரிக்கிறார்.
துறைமுகப் பக்கம் மழை கறுக்கிறது.
அவருக்கும் பதினான்குதான்.